பெங்களூரு கப்பன் பூங்கா: அரை நாளில் எதைப் பார்க்கலாம்?

வழிப்போக்கன் (கேள்வி):
வரும் ஞாயிறு காலை பெங்களூரு சிட்டி ஸ்டேஷனில் இறங்குகிறோம், அடுத்த ரயில் சாயங்காலம்தான். அப்பாவுக்கு முழங்கால் வலி, கொஞ்சம் நடந்தால் உட்கார வேண்டும். பெண்ணுக்கு ஒன்பது வயது, அவளை உட்கார வைப்பதுதான் கஷ்டம். லால்பாக்கா கப்பன் பூங்காவா என்று வீட்டில் ஒரே விவாதம். கப்பனில் மரத்தை விட்டால் என்ன இருக்கிறது என்று மனைவி கேட்கிறாள், எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. போனவர்கள் சொல்லுங்கள்.

மரத்தடி:
ஞாயிறு என்றால் யோசிக்கவே வேண்டாம், கப்பன்தான். மற்ற நாட்களில் பூங்காவுக்குள்ளேயே கார் ஓடும், ஞாயிறன்று அந்தச் சாலைகளை மூடிவிடுவார்கள், பிள்ளைகள் நடுரோட்டில் ஓடினாலும் கவலையில்லை. நுழைவுக் கட்டணமும் கிடையாது.

பையை ஸ்டேஷன் கிளோக் ரூமில் போட்டுவிட்டு ஊதா வழி மெட்ரோ பிடியுங்கள் (ஞாயிறன்று முதல் வண்டியே கொஞ்சம் தாமதமாகத்தான் கிளம்பும்). ஆனால் கப்பன் பார்க் நிறுத்தத்தில் இறங்காதீர்கள், அதற்கு முந்தைய விதான சௌதாவில் இறங்குங்கள். ஒரு பக்கம் சட்டமன்றம் கூடும் விதான சௌதா, எதிரே சிவப்பு நிறத்தில் உயர் நீதிமன்றம், இரண்டையும் வெளியிலிருந்தே பார்த்துவிட்டுப் பூங்காவுக்குள் புகுந்தால் பேண்டு ஸ்டாண்டு, நூலகம் என்று பார்த்துக்கொண்டே மறுபக்கம் பால பவனுக்கு வந்துவிடலாம். அங்கே பெண்ணை விளையாட விட்டுவிட்டு கப்பன் பார்க் நிறுத்தத்தில் ரயில் ஏறிக்கொள்ளலாம், வந்த வழியே திரும்ப நடக்கிற வேலை அப்பாவுக்கு மிச்சம். பொம்மை ரயில் ஓடுகிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அடிக்கடி நிறுத்திவிடுகிறார்கள்.

பழைய_கன்டோன்மென்ட்:
"மரத்தை விட்டால் என்ன" என்று கேட்ட அக்காவுக்காக இது. 1809இல் ஆங்கிலேயப் படை வந்து கன்டோன்மென்ட் (படை தங்கும் பகுதி) உருவானதும் அதோடு சென்னை மாகாணத்திலிருந்து நம் ஆட்கள் ஏகப்பட்ட பேர் வந்து அல்சூர், சிவாஜிநகர் பக்கம் குடியேறினார்கள். அந்தப் பக்கம் பேட்டை என்ற பழைய பெங்களூரு, மைசூர் அரசுக்கு உட்பட்டது. இரண்டு ஊருக்கும் நடுவில் கிடந்த இடத்தில்தான் 1870இல் ரிச்சர்ட் சாங்கி என்ற தலைமைப் பொறியாளர் இந்தப் பூங்காவை அமைத்தார். நீங்கள் பார்க்கப்போகிற அந்தச் சிவப்புக் கட்டடமும் அவருடையதுதான், 1868இல் முடிந்தது. இரண்டு நகராட்சிகளும் ஒன்றானது 1949இல், அதுவரை பூங்காவுக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் வேறொரு ஊர்.

இன்னொரு வேடிக்கை, மைசூரில் ஆங்கிலேய ஆணையராக இருந்த மார்க் கப்பன் பெயர்தான் பூங்காவுக்கு, ஆனால் அவர் 1861லேயே இறந்துவிட்டார், பூங்கா வந்தது அதற்கு ஒன்பது வருஷம் கழித்து! முதலில் மீட் என்ற அதிகாரி பெயரில் இருந்து, பிறகு கப்பன் பெயருக்கு மாறி, 1927இல் சாமராஜேந்திரா பூங்கா என்று அரசாங்கமே மாற்றியும் ஆட்டோக்காரர் வரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. குதிரை மேல் இருக்கும் கப்பன் சிலையும் உயர் நீதிமன்றத்தின் முன்னாலிருந்து இடம் மாறி இப்போது பூங்காவுக்குள் இருக்கிறது. மகாராணி விக்டோரியா சிலை எம்.ஜி. ரோடு முனையில், 1906இல் வைத்தது.

சிவப்பு நிறத்திலேயே இருக்கும் நூலகம் சேஷாத்ரி ஐயர் நினைவாகக் கட்டியது. மைசூர் திவானாக இருந்தவர், பூர்விகம் பாலக்காடு.

சும்மா_ஒருத்தி:
நான் ஞாயிறுக்கு எதிர்க்கட்சி. கார் இல்லைதான், ஆனால் ஊர் மொத்தமும் அங்கே இருக்கும், நாய்களையும் சேர்த்து. முடிந்தால் சனிக்கிழமை போங்கள், 2023 முதல் சனிக்கிழமைகளில் ஒரு கூட்டம் பாயை விரித்துப் புத்தகத்தோடு பேச்சு மூச்சில்லாமல் படுத்துக் கிடக்கிறது, அதைப் பார்க்கவே நன்றாக இருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வந்தால் தபேபுயா மரங்கள் இலையே இல்லாமல் இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும்.

வழிப்போக்கன்:
டிக்கெட் போட்டாச்சு, ஞாயிறை மாற்ற முடியாது. விதான சௌதா நிறுத்தத்தில் இறங்கும் யோசனை அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

மரத்தடி:
டிபனை முடித்துக்கொண்டே உள்ளே போங்கள், பூங்காவுக்குள் கடையை நம்ப வேண்டாம். மதியத்துக்கு எம்.ஜி. ரோடு அடுத்த நிறுத்தம்தான்.