சமுதாயக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு கம்பெனிகள் சமூக நலனுக்குச் செலவழிக்கிற சிஎஸ்ஆர் பணத்தைக் கேக்கது எப்படி?

பொருநைக்கரை:
பாளையங்கோட்டைப் பக்கம் டிரஸ்ட் நடத்துற சமுதாயக் கல்லூரி. ஒரு வருச டிப்ளமோ, 40 பேர். பாதிப்பேர் வீட்டுல பீடி சுத்துறாங்க, மீதி கூலி வேலை. திசையன்விளை, களக்காட்டுல இருந்தெல்லாம் வாராங்க. கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில கம்பெனிகள் இருக்கு. யாருகிட்ட, எப்ப, எதுக்குன்னு கேக்கணும்? ஃபீஸைக் கட்டச் சொல்லிக் கேட்டாப் போதுமா?

பேட்டை_கணக்கர்:
முதல்ல கம்பெனிக்குக் கடமை இருக்கான்னு பாருங்க. முந்தின நிதியாண்டுல நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்டிருந்தாத்தான் கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135 வரும். கடைசி மூணு வருச சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவழிக்கணும். எதுக்கெல்லாம் செலவழிக்கலாம்னு அந்தச் சட்டத்துல இருக்கிற பட்டியல்தான் அட்டவணை 7; அதுல கல்வியும் தொழில்திறனும் இருக்கு. ஆலை இருக்கிற வட்டாரத்துக்கு முன்னுரிமைன்னும் சட்டமே சொல்லுது. அதனால மனுவுல கங்கைகொண்டானுக்கும் உங்க பிள்ளைகள் ஊருக்கும் எத்தனை கிலோமீட்டர்னு எழுதுங்க.

உங்க பக்கம் வேண்டியது: வருமான வரித் துறையோட 12ஏ, 80ஜி பதிவு, மூணு வருச அனுபவம், சிஎஸ்ஆர் பணம் வாங்க டிரஸ்ட் பதிவு பண்ற சிஎஸ்ஆர்-1 படிவத்துல கிடைக்கிற எண். 2021 ஏப்ரல் 1-லேருந்து அந்த எண் இல்லாத டிரஸ்டுக்குக் கம்பெனி பணம் அனுப்பாது. படிவத்தை ஆடிட்டர் சான்றொப்பம் போட்டு ஆன்லைன்ல தாக்கல் பண்ணணும். பான் கார்டுல டிரஸ்ட் பெயர் ஒரு மாதிரி, பத்திரத்துல ஒரு மாதிரி இருந்தா அங்கேயே சிக்கிரும். அதைத் திருத்திட்டு அப்புறமா கம்பெனி வாசலுக்குப் போங்க.

ஒருநாள் விழா வச்சு நோட்டுப் புத்தகம் குடுக்கிற மனு வேண்டாம். ஒருமுறை நிகழ்ச்சி சிஎஸ்ஆர் கணக்குல சேராதுன்னு கம்பெனி விவகார அமைச்சகம் 2014-லயே சுற்றறிக்கை விட்டிருக்கு. கேக்க வேண்டிய காலம் ஐப்பசி, கார்த்திகை. அடுத்த வருசத் திட்டத்துல உங்க பெயர் ஏறணும்லா.

மானூர்_டீச்சர்:
ஃபீஸுக்கு மட்டும் கேட்டா ஏமாந்துருவீங்க அண்ணாச்சி. பிள்ளைங்க படிப்பை விட்டு நிக்கிறது ஃபீஸால இல்ல, பஸ் செலவால. டவுன் பஸ்ல பெண்களுக்கு இலவசம் சரிதான். திசையன்விளையிலேருந்து வர்ற வெளியூர் பஸ்ல அது செல்லாது. பயிற்சிக்குக் கம்பெனிக்கோ ஆஸ்பத்திரிக்கோ அனுப்புற மாசங்கள்ல இன்னும் மோசம்: சம்பளம் கிடையாது, ரெண்டு பஸ் மாறணும்.

ஒரு ஆளுக்குக் கணக்கு இப்படிப் போடுங்க. பஸ் நாளுக்கு 50 வீதம், 22 நாள், 10 மாசம்: 11,000. மதியச் சாப்பாடு 30 வீதம்: 6,600. தேர்வு, சான்றிதழ்க் கட்டணம் 1,500. சீருடை, கருவிப்பெட்டி 2,000. ஆக 21,100, 40 பேருக்கு 8,44,000. பகுதிநேர ஒருங்கிணைப்பாளர் மாசம் 6,000 வீதம் 72,000, தணிக்கை 15,000. இதுக்கு மேல 50,000 தனியா 'அவசர நிதி'ன்னு போட்டு 9,81,000 கேளுங்க.

அந்த அவசர நிதியை விட்டுக்குடுக்காதீங்க. அப்பாவுக்கு ஆஸ்பத்திரி, வீட்டு வாடகைப் பாக்கி, உடைஞ்ச கண்ணாடி, இப்படி 1,500, 2,000 ரூபாய்ல படிப்பு நின்னு போகும். ஒரு பக்க விண்ணப்பம், ரெண்டு பேர் கையெழுத்து, 48 மணி நேரத்துல பணம். கமிட்டி கூடட்டும்னா அந்தப் பிள்ளை அதுக்குள்ள ஜவுளிக்கடையில வேலைக்குச் சேந்திருக்கும்.

விண்ணப்பத்துல 'வீட்டில் யாருக்காவது பீடித் தொழிலாளர் அட்டை உண்டா'ன்னு ஒரு வரி சேருங்க. தொழிலாளர் அமைச்சகம் அவங்க பிள்ளைகளுக்குத் தனியா உதவித்தொகை தருது, தேசிய உதவித்தொகைத் தளத்துல விண்ணப்பிக்கணும். பாதிப்பேருக்கு அது தெரியாது.

பேட்டை_கணக்கர்:
டீச்சர் சொன்னதோட பேங்க் விசயம் ஒண்ணு. பள்ளிக்கூடத்துல உதவித்தொகைக்குத் திறந்த கணக்கையே எழுதித் தருவாங்க. ரெண்டு வருசம் வரவு செலவு இல்லேன்னா அது முடங்கியிருக்கலாம். 18 வயசு ஆனதும் கேஒய்சி (அடையாள, முகவரி ஆவணம்) புதுசாக் குடுக்கணும். ஜூன்லயே பாஸ்புக்கைக் கையில வாங்கிப் பாருங்க. முழுத் தொகைக்கு முன்னால ஆளுக்கு 1 ரூபாய் அனுப்பி, வந்துருச்சான்னு கேளுங்க. ஒரு இலக்கம் மாறினா பணம் வேற யாருக்கோ போயிரும்.

நம்ம ஊர்ப் பெயர்கள் தனித் தலைவலி. இசக்கியம்மாள்னு ஒரு பிள்ளை. ஆங்கிலத்துல ஆதார்ல ஐ எழுத்துல தொடங்கும், பாஸ்புக்ல ஈ எழுத்துல தொடங்கும். கம்பெனி ஆடிட்டர் ரெண்டு ஆளுன்னு குறிப்பு எழுதுவார். ரெண்டு ஆவணத்துலயும் உள்ள பெயரைப் பக்கத்துப் பக்கத்துல போட்டு, முதல்வர் கையெழுத்தோட ஒரு பட்டியல் வச்சுக்கோங்க.

பொருநைக்கரை:
ரெண்டு பேருக்கும் நன்றி. மார்ச் கடைசியில கம்பெனியே கூப்பிட்டு, "காசு மிச்சம் இருக்கு, வாங்கிக்கோங்க"ன்னா?

பேட்டை_கணக்கர்:
கம்பெனி போர்டு (இயக்குநர் குழு) அதை ஒரு வருசத்துக்கு மேல நடக்கிற 'தொடர் திட்டம்'னு தீர்மானம் போட்டிருக்கான்னு எழுத்துல கேளுங்க. போட்டிருந்தா மிச்சத்தை ஏப்ரல் 30-க்குள்ள தனி வங்கிக் கணக்குல போட்டு, மூணு நிதியாண்டுக்குள்ள உங்களுக்குத் தவணையாத் தரலாம். தீர்மானம் இல்லேன்னா, உங்க கணக்குக்கு வந்ததாலேயே செலவானதா ஆகாது. நீங்க செலவழிச்சாத்தான் செலவு. அப்ப பணம் செலவாயிருச்சுன்னு மார்ச் 31 தேதியிட்ட பயன்பாட்டுச் சான்று கேப்பாங்க. பிள்ளைங்க ஜூன்லதான் சேருவாங்க. அந்தச் சான்றுல கையெழுத்துப் போடாதீங்க.