மறுமொழி: ராக் கிதார் கட்டுரைகளுக்குக் கலைச்சொல் – ‘விருந்திசை’, ‘கூட்டிசை’ இரண்டும் வேண்டும்

குழும நண்பர்களுக்கு தருமபுரியிலிருந்து வணக்கம்.

> மூத்த ராக் கிதார் கலைஞர்கள் வேறு வகை இசைக்காரர்களோடு சேர்ந்து செய்ததற்கு ‘கூட்டிசை’ என்ற ஒரு சொல் போதாதா? இல்லை, ‘கொலாபரேஷன்’ என்றே விட்டுவிடலாமா?

ஓசூர் நண்பர் கேட்டதற்கு என் பதில்: ஒரு சொல் போதாது. அவர் அனுப்பிய பட்டியலில் இரண்டு வேறு காரியங்கள் கலந்து கிடக்கின்றன.

1982-இல் மைக்கேல் ஜாக்சனின் ‘பீட் இட்’ பாட்டுக்கு ராக் கிதார் கலைஞர் எடி வான் ஹேலன் வாசித்தார். பாட்டு ஜாக்சனுடையது. தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் கூப்பிட்டார், வான் ஹேலன் போனார், வாசித்தார், காசு வாங்காமல் திரும்பினார். ஆனால் சும்மா வாசித்துவிட்டு வரவில்லை. தன் தனிவாசிப்புக்கு அடியில் ஓடும் பகுதியை மாற்றச் சொல்லி, அதன் பிறகே வாசித்தார். அந்தப் பாட்டை இன்றைக்குக் கேட்டாலும் அந்த இடத்தில் காது நிமிர்கிறது.

கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் செய்தது வேறு. மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற தன் ஜாஸ்-ராக் குழுவில் மின் கிதாரை அவ்வளவு சத்தமாக வாசித்தவர், 1970-களின் நடுவில் எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபேலா, விக்கு விநாயக்ராமின் கடம் இவற்றோடு ‘சக்தி’ குழுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மின்சாரம் இல்லாத கிதார். அதிலும் குறுக்கே இழுத்த துணைத் தந்திகள். கிதார் கழுத்தில் உள்ள கட்டைகளுக்கு (ஃபிரெட்) இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருந்ததால் விரலை அழுத்தினால் சுருதி வளையும், கமகம் பிடிக்கலாம். நம் இசைக்காகத் தன் கருவியையே மாற்றிச் செய்துகொண்ட ஒருவரை விருந்தாளி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து அதே குழு 2024-இல் கிராமி வாங்கியது.

அமெரிக்கக் கிதார் கலைஞர் ரை கூடரும், கிதாரில் இந்துஸ்தானி வாசிக்கும் விஸ்வ மோகன் பட்டும் அப்படித்தான். ஒலிப்பதிவுக்குச் சற்று முன்னால்தான் முதன்முதலாகச் சந்தித்தார்கள் என்றாலும் 1993-இல் வந்த ‘எ மீட்டிங் பை த ரிவர்’ இசைத்தட்டு இருவருக்கும் சரிபாதிச் சொந்தம்.

ஆக, பிரிக்கும் கோடு ஒன்றுதான்: பாட்டு யாருடையது?

இங்கே ஜமா எனப்படும் தெருக்கூத்துக் குழுக்களில் ஆள் குறைந்தால் வேறு ஜமாவின் மிருதங்கக்காரரை அன்றைய இரவுக்கு அழைத்துக்கொள்வார்கள். அவர் எவ்வளவு வெளுத்து வாங்கினாலும் கூத்து அழைத்த ஜமாவின் கூத்துதான். இந்த உறவுக்கு ‘விருந்திசை’ என்று முன்மொழிகிறேன். விருந்து என்றால் நமக்குச் சாப்பாடு நினைவுக்கு வந்தாலும், பழைய தமிழில் அது புதுமை, புதிதாய் வந்தவர். தொல்காப்பியச் செய்யுளியலும் புதிதாகப் புனைந்த செய்யுளைத்தான் ‘விருந்து’ என்கிறது. வெளி ஆள், எதிர்பாராத புதுமை, இரண்டும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

‘விருந்திசை’ கல்யாண மண்டபக் கச்சேரி போல ஒலிக்கிறது என்று கிருஷ்ணகிரி ஆசிரியை அம்மா எழுதியிருந்தார். நியாயமான கவலை. ஆளைக் குறிக்கும்போது ‘விருந்துக் கலைஞர்’ என்று எழுதினால் அந்த மயக்கம் வராது.

இருவரும் சமமாக நிற்கும் இடத்தில் ‘கூட்டிசை’ இருக்கட்டும். ‘கூட்டுறவிசை’ வேண்டாம், பாலக்கோடு கூட்டுறவு சர்க்கரை ஆலைதான் நினைவுக்கு வரும். ‘கலப்பிசை’ விளைந்த இசையின் வகையைச் சொல்கிறது, சேர்ந்தவர்களின் உறவைச் சொல்வதில்லை. ‘சேர்ந்திசை’யை இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் காலத்திலிருந்தே பலர் கூடிப் பாடுவதற்கு வைத்திருக்கிறோம். அதைத் தொடக்கூடாது.

இந்தக் கோட்டை வைத்துப் பார்த்தால் மெட்டாலிகா என்ற ராக் குழுவும் பாடகர் லூ ரீடும் 2011-இல் வெளியிட்ட ‘லுலு’ இசைத்தட்டு கூட்டிசை. அது வெளிவந்ததற்கு முந்தைய நாள், அக்டோபர் 30 அன்று, மெட்டாலிகா பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்தார்கள். ‘லுலு’வை ரசிகர்களில் பலர் வெறுத்தார்கள். எனக்கு லூ ரீடின் குரல் அந்தக் கிதார்களுக்கு நடுவே பேச்சாக நிற்பது பிடித்திருக்கிறது.

சிக்கல் கிதார் கலைஞர் கார்லோஸ் சந்தானாவிடம்தான். 1999-இல் வந்த ‘சூப்பர்நேச்சுரல்’ அவருடைய இசைத்தட்டு. பாட வந்த இளையவர்கள் விருந்துக் கலைஞர்கள். ஆனால் அதில் உள்ள ‘ஸ்மூத்’ பாட்டை எழுதியவர்களில் ஒருவர் அதைப் பாடிய ராப் தாமஸ். அப்படியானால் வீட்டுக்காரர் யார்? நான் கூட்டிசைப் பக்கம் சாய்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். அதன்பின் இரண்டு சொற்களுக்கும் வரையறை எழுதி அனுப்புகிறேன்.