மரு உதிர்ந்த பின்: 'மறைநிலை'யா, 'அடங்குநிலை'யா?

> பிறப்புறுப்பு மரு பற்றிய வேலூர் துண்டறிக்கையில், மரு உதிர்ந்தும் கிருமி உடம்பில் தங்கியிருக்கக்கூடிய நிலையை 'மறைநிலைத் தொற்று' என்று போட்டிருக்கிறது. அப்படியே விடலாமா?

வேண்டாம் ஐயா. தாளைப் படிக்கப்போவது புருஷனும் பெண்டாட்டியும். 'மறை' என்று கண்ணில் பட்டதுமே "எங்கிட்ட மறைச்சிட்டியா" என்ற சண்டைக்கு நாமே அடி எடுத்துக் கொடுத்ததாகும். ஹெச்பிவி, அதாவது மருவை உண்டாக்கும் வைரஸ், தொற்றிச் சில வாரத்திலும் மரு வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம், சிலருக்கு ஆண்டுகள்கூட ஆகும். தொற்றிய பலருக்கு மருவே வருவதில்லை. யாரிடமிருந்து, எப்போது என்று மருவைப் பார்த்து எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஆணுக்கு வழக்கமான ஹெச்பிவி சோதனையும் கிடையாது.

'குணமான நிலை'யும் தப்பு. மருந்து போக்குவது மருவைத்தான். போடோஃபைலோடாக்சின் 0.5% கரைசலை தினம் இருவேளை 3 நாள் தடவி, 4 நாள் விடணும். அதிகபட்சம் 4 சுற்று. கர்ப்பிணிக்குக் கூடாது. இமிகுயிமோட் 5% களிம்பு வாரம் 3 இரவு, 6 முதல் 10 மணி நேரம் வைத்துக் கழுவணும், 16 வாரம் வரை. இந்தக் களிம்பு ஆணுறை ரப்பரை இற்றுப்போக வைக்கும். தோலில் இருக்கும்வரை உறவு வேண்டாம். இத்தனையும் ஒழுங்காகச் செய்து மரு உதிர்ந்தாலும், முதல் சில மாதங்களில் திரும்ப முளைப்பது சகஜம். 'குணம்' என்று படித்தவர், புதிதாக யாரோ ஒட்டிவிட்டதாக நினைப்பார்.

> பாலாறு மாதிரி: மேலே மணல், கீழே தண்ணீர். 'ஊற்றுநிலை'?

ஆற்காட்டுக்காரர் சொல்வது அழகுதான். ஆனால் ஊற்று, தோண்டினால் வந்தே தீரும். இந்தத் தொற்றை உடம்பே பெரும்பாலும் 2 ஆண்டுக்குள் சோதனையில் தெரியாத அளவுக்கு அடக்கிவிடுகிறது. 'உறங்குநிலை'யும் எழுந்தே தீரும் என்று பயமுறுத்தும். "காய்ச்சல் அடங்கிடுச்சு" என்கிறோமே, அதில் ஒழிந்தது என்ற உறுதியும் இல்லை, திரும்பும் என்ற மிரட்டலும் இல்லை. என் ஓட்டு 'அடங்குநிலை'க்கு.

> அடங்கினால் தொற்றாது என்று படிப்பார்களே அம்மா?

படிப்பார்கள். அதனால் விளக்கத்தைச் சொல்லோடு ஒட்டியே போடணும்: "மரு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தொற்றலாம். ஆணுறை வாய்ப்பைக் குறைக்கும். அது மூடாத தோல் வழியாகத் தொற்றும். மரு இருக்கையில் சவரம் செய்தால் பரவலாம். பெரும்பாலும் மருவுக்குக் காரணம் ஹெச்பிவியின் 6, 11 வகைகள். கருப்பைவாய்ப் புற்றுக்கு முக்கியமாக 16, 18. மரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 30 வயதுக்கு மேல் பெண்கள் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்ளணும். ஹெச்பிவி தடுப்பூசி, ஏற்கெனவே வந்துவிட்ட மருவைப் போக்காது."

துண்டறிக்கைத் தலைப்பில் 'பாலுண்ணி'யையும் எடுத்துவிடுங்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே கை அம்மான் பச்சரிசிச் செடியின் பாலைத் தேடும். அந்த இடத்து மெல்லிய தோல் வெந்து புண்ணாகிவிடும். கால் ஆணிக்கு விற்கிற சாலிசிலிக் அமிலமும் அப்படியே. 'பிறப்புறுப்பு மரு' போதும். பேச்சில் "அடங்கியிருக்கு" என்றே செவிலியர்கள் சொல்லட்டும்.