அம்பாசிடர் கியர்பாக்ஸ்: டம்மி ஷாஃப்ட் வீட்டுலயே செய்யலாமுங்களா?

கோபி வண்டிக்காரன்: பழைய நாலு கியர் பாக்ஸைப் பிரிச்சாச்சுங்க. லேஷாஃப்ட் (பாக்ஸுக்குள்ள லே கியர்ங்கற பல் உருளையைத் தாங்கற தண்டு) புதுசு. மாட்டறப்ப லே கியருக்குள்ள இருக்கற ஊசி பேரிங் (ஊசி மாதிரி மெல்லிய உருளைங்க) சரியாம இருக்க, நிஜ ஷாஃப்ட் நுழையற வரைக்கும் அதோட இடத்துல நிக்கற டம்மி ஷாஃப்ட் வேணும். தேக்குக் குச்சியைத் தேய்ச்சு நானே செஞ்சுக்கறேன். கிளட்ச் பிளேட்டை நடுவுல நிறுத்தற குச்சியும் அப்படித்தான். காசு குடுத்து வாங்கறது தேவையில்லைங்கறது என் கட்சி.

உக்கடம் மெக்கானிக்: டம்மியே எதுக்குங்க? கெட்டி கிரீஸ் அப்பி ஊசியை ஒட்டுனா நிக்கும். வண்டி உற்பத்தியே 2014ல நின்னுபோச்சு, நல்ல லேஷாஃப்ட் சிக்கறதே பெரும்பாடு. இதுல டூல் வேறயா?

பீளமேடு லேத்: அண்ணா, லே கியரைப் பாக்ஸ் அடியில படுக்க வச்சாத்தான் மெயின் ஷாஃப்ட் உள்ள போகும். பொறகு தூக்கி நேரா நிறுத்தறப்ப ஒரு ஊசி சாஞ்சாலும் அத்தனையும் திரும்பப் பிரிக்கணும். டம்மி இருந்தா நிஜ ஷாஃப்ட் ஒரு பக்கம் நுழைய நுழைய அது மறுபக்கம் வெளிய வரும். ரெண்டு ஷாஃப்ட்டோட முனையும் ஒட்டுக்கா நகரணும், இடைவெளி விழக்கூடாது.
கோபியண்ணா, கிளட்ச்சுக்கு மரம் போதும். முனை இன்ஜின் கிராங்க் ஷாஃப்ட் நுனியில இருக்கற புஷ்ஷுல ஆடாம நின்னு, நடுப்பாகம் பிளேட் ஓட்டையை நிறைச்சாச் சரி. டம்மிக்கு வேண்டாமுங்க. ஒரு சிலாம்பு கிரீஸோட ஊசிக்குள்ள போனா புது ஷாஃப்ட் பாழ்.

கோபி வண்டிக்காரன்: நல்லா உப்புத்தாள் போட்டா சிலாம்பு எங்கிருந்து வரும்? பழைய ஷாஃப்ட்டை அளந்து அதே கனத்துக்குச் செய்யப்போறேன்.

பீளமேடு லேத்: எந்த இடத்துல அளக்கறீங்க? லேஷாஃப்ட் சுத்தாதுங்க, கியர்தான் அதுமேல சுத்துது. பாரம் எப்பவும் ஒரே பக்கம். அங்க நகத்தை ஓட்டிப் பாருங்க, ஊசி உக்காந்த இடம் வரிவரியாக் குழிஞ்சிருக்கும். அதை அளந்தா டம்மி ஒல்லியாகி ஊசி உள்ள சாயும். பாக்ஸ் சுவத்துல இருந்த முனையை அளந்து 0.1 எம்எம் கம்மியாக் கடையணும். நீளம் கியர் நீளமே. நீட்டிக்கிட்டிருந்தா கியர் பாக்ஸுக்குள்ள இறங்காது.

பொள்ளாச்சி பத்மினி: கிளட்ச்சுக்கு மரமும் எதுக்கு? தேஞ்ச இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச்சுல இருந்து பாக்ஸுக்குள்ள போற தண்டு) பழைய சாமான் கடையில கிடைக்கும், பல்லு அப்படியே பிளேட்ல பொருந்தும். எதை வச்சாலும், பாக்ஸை இன்ஜின்ல மாட்டறப்ப அதுக்கு அடியில ஜாக்கி குடுங்க. பாரம் பிளேட்ல தொங்குனா அதோட நடுப்பாகமான ஹப் வளைஞ்சுபோகும்.

உக்கடம் மெக்கானிக்: ஜாக்கி சொன்னது சரி. ஊசிக்குக் கிரீஸே போதும், கை பழகியிருந்தா.

பீளமேடு லேத்: பழகுன கைக்குச் சரிங்கண்ணா. வீட்டுல மொதத் தடவை மாட்டறவருக்கு அதைச் சொல்லாதீங்க.

கோபி வண்டிக்காரன்: டம்மியை நைலான் கம்பியில கடையக் குடுக்கறேன், சிலாம்புப் பேச்சே வராது. கிளட்ச்சுக்குத் தேக்குதான், அதுல மாத்தமில்லை.