பூட்டிய வீடும் எதிர்வீட்டுக் காய்ச்சலும்

குழு: ஐயா வீட்டுப் பங்காளிகள்

மெய்யப்பன், காரைக்குடி (காலை 7:12)
அனைவருக்கும் வணக்கம். நேற்று ஊருக்குப் போயிருந்தபோது, நம் ஐயா வீட்டு முகப்புக் கதவில் பேரூராட்சியார் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். கொசுப்புழுச் சோதனைக்கு மூன்று முறை ஆட்கள் வந்தும் வீடு பூட்டியே இருந்ததாக எழுதியிருக்கிறது. எதிர்வீட்டில் எட்டு வயதுப் பெண்பிள்ளை டெங்குக் காய்ச்சலில் ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்து, இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறாள்.

சொக்கலிங்கம் அண்ணன், சென்னை (7:40)
பிள்ளை தேறியது நிம்மதி. ஆனால் தம்பி, முன்னோருக்குப் படையலிட்டுக் கும்பிடும் போன படைப்புக்குப் பிறகு நம் வீட்டில் ஆளே இல்லை. ஆளில்லாத வீட்டில் கொசு யாரைக் கடித்துப் பிழைக்கும்? தெருச் சாக்கடையைத் தூர்வாரிப் புகை அடித்தால் போதாதா?

வள்ளியம்மை ஆச்சி, மதுரை (8:05)
சொக்கு, சுகாதாரச் செவிலியராக இத்தனை வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியவள் என்பதால் சொல்கிறேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. தேங்கிய நல்ல தண்ணீரைத்தான் தேடும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டிவிடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடியே உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிந்து, ஏழு முதல் பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். புகையோ பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். புழுவையும் முட்டையையும் தொடாது. பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும் கொசு அது, பகலில் கடிக்கும். ஆளில்லாத வீட்டில் பிறப்பது ஆளுள்ள வீட்டுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்கிறது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக இருக்கும் நம் வீட்டைப் பூட்டி வைத்தால் இரண்டு தெருவுக்கும் சேர்த்துத்தான் கேடு.

அழகப்பன் பெரியப்பச்சி, ஊர் (8:31)
வள்ளி சொல்வது சரி. என் சிறு வயதில் குடிதண்ணீர் ஊருணியில் ஒருவரும் கால் நனைக்கக் கூடாது. மாடு இறங்கினால் காவல்காரர் கத்தியே ஊரைக் கூட்டிவிடுவார். அது வெறும் ஆசாரம் என்றுதான் அப்போது நினைத்தேன். நரம்புச் சிலந்தி நோயைப் பற்றி அப்பத்தா சொல்லக் கேட்ட பிறகுதான் விளங்கியது. காலில் கொப்புளம் கட்டி, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளப் புழு சிறிது சிறிதாக வெளியே வரும். அதைக் குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் இழுப்பார்களாம். எரிச்சல் தாளாமல் காலை ஊருணியில் வைத்தால் புழு அங்கே குஞ்சுகளை விட்டுவிடும். அவை கண்ணுக்கு எளிதில் தெரியாத நீர்ப்பூச்சிகளுக்குள் போகும். அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துக் காலில் கொப்புளம் எழும்பும்.

வள்ளியம்மை ஆச்சி (8:44)
அந்த நோய்க்குத் தடுப்பூசியும் கிடையாது, புழுவைக் கொல்லும் மருந்தும் கிடையாது, பெரியப்பச்சி. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்க வைத்தும், நோயாளியைத் தண்ணீரில் இறங்கவிடாமல் தடுத்தும், படிக்கிணறுகளை யாரும் உள்ளே இறங்க முடியாத கிணறுகளாக மாற்றியுமே அதை ஒழித்தார்கள். 1996இல் கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். 2000இல் இந்தியாவில் அந்த நோய் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அரசு ஆள் அனுப்பலாம், மருந்து கொடுக்கலாம். ஆனால் துணியைக் குடத்தின் வாயில் கட்டியது அந்தந்த வீட்டுப் பெண்கள்தான்.

தேனம்மை, சிங்கப்பூர் (9:10)
அத்தை, இங்கே வீட்டுக்குள் கொசுப்புழு கண்டால் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். பூந்தொட்டித் தட்டைக்கூட மாமியார் தினமும் கவிழ்த்து வைக்கிறார். அபராதத்துக்குப் பயந்தா, டெங்குவுக்குப் பயந்தா என்று நான் கேட்பதில்லை.

சொக்கலிங்கம் அண்ணன் (9:26)
எனக்குப் புரிகிறது. ஆனாலும் முன்பின் தெரியாதவர்களை உள்ளே விட மனம் ஒப்பவில்லை. பூட்டிக் கிடக்கும் வீடுகளில் நிலைக்கதவையே பெயர்த்துக்கொண்டு போகிற காலம் இது.

அழகப்பன் பெரியப்பச்சி (9:38)
அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் பேழை அறையையோ மாடியையோ அவர்கள் கேட்கவில்லை. முற்றமும் அடுப்படிக் கட்டும் கிணற்றடியும் போதும். நான் கூடவே நிற்பேன். அறைகளுக்குத் தனிப் பூட்டு இருக்கட்டும், முகப்புச் சாவி ஒன்றை மட்டும் என்னிடம் கொடுத்து வையுங்கள். 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்திலேயே கொசுக் கட்டுப்பாட்டுக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. கொசு பெருகும் தண்ணீரைத் தன் இடத்தில் தேங்க விடுவதே கூடாது என்கிறது. இரண்டாம் தாள் ஒட்டும்வரை காத்திருப்பது நம் ஐயா பெயருக்கு அழகா?

சொக்கலிங்கம் அண்ணன் (9:52)
சரி, பெரியப்பச்சி. நாளைக்கே சாவியைக் கூரியரில் அனுப்பிவிடுகிறேன்.

மெய்யப்பன் (ஞாயிறு, மாலை 5:20)
பெரியப்பச்சி முன்னிலையில் இன்று வீட்டைத் திறந்தோம். முற்றத்துத் தூம்புவாயைச் சருகு அடைத்து, கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ஆட்டுக்கல் குழி, உரல், போன கல்யாணத்துக்கு எடுத்துவிட்டுக் கவிழ்க்க மறந்த வெண்கல அண்டா ஆகிய மூன்றிலும் புழு நெளிந்தது. அண்டாவைக் கவிழ்த்ததோடு விடாமல், ஆச்சி சொன்னபடி உட்சுவரை நார் போட்டுத் தேய்த்துக் கழுவினோம். கிணற்றில் மருந்து விட்டு, வாயை வலையால் மூடியிருக்கிறார்கள். எதிர்வீட்டு அம்மா காப்பி கொடுத்தார். அந்தப் பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் தேய்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டுக்கல் குழியை மணல் போட்டு நிரப்பலாமா என்று பெரியப்பச்சி கேட்கிறார்.

வள்ளியம்மை ஆச்சி (5:31)
நிரப்பிவிடுங்கள். பொங்கலுக்கு நான் வரும்போது அள்ளிக்கொள்ளலாம். அடுத்த ஞாயிறு யார் திறப்பது?