பையனை கவுண்டி ட்ரையலுக்கு கூப்பிட்டிருக்காங்க, இந்த கேலிக் ஃபுட்பால் மைனர் சாம்பியன்ஷிப்னா என்னங்க?

நியூபிரிட்ஜ்_அப்பா:

வணக்கம் மக்களே, நாங்க அயர்லாந்துல கில்டேர் கவுண்டிக்கு (கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) குடிவந்து ஏழு வருஷம் ஆச்சு. பையனுக்கு வர்ற நவம்பர்ல பதினாலு முடியும். ஸ்கூல்ல கூட்டாளிங்க எல்லாரும் ஆடுறாங்கன்னு பக்கத்து கிளப்புல சேர்ந்தான், நானும் ஃபுட்பால்தானே, ஓடியாடட்டும்னு விட்டுட்டேன். முத மேட்ச் பாக்கப் போனா தலையும் புரியல வாலும் புரியல. பந்தை கையில புடிக்கிறான், தரையில தட்டுறான், கால்ல லேசா எத்தி திரும்ப கைக்கே எடுக்குறான், கோல் போஸ்ட்டுக்கு மேல ரெண்டு கம்பம் வேற நீண்டுட்டு நிக்குது. எங்காளு அடிச்ச பந்து கம்பிக்கு மேல போச்சு, நான் "கோல்ல்ல்"னு கத்திட்டேன், சுத்தி ஒருத்தரும் கத்தல. பக்கத்துல ஃப்ளாஸ்க்கோட நின்ன பெரியவர் மெதுவா "அது பாயிண்ட்டுப்பா"ன்னு சொல்லி ஒரு கப் டீ ஊத்திக் குடுத்தார். மானம் போச்சு, டீ நல்லா இருந்துச்சு.

சரி விஷயத்துக்கு வர்றேன். போன வாரம் கோச் மெசேஜ் போட்டிருக்கார், கவுண்டியோட அண்டர் 14 டெவலப்மெண்ட் ஸ்குவாடுக்கு ட்ரையல், ஹாக்ஃபீல்டு கிரவுண்டுக்கு வரச்சொல்லி. கிளப்புல பாக்குறவங்க எல்லாம் "இன்னும் மூணு வருஷத்துல மைனர் ஆடிடுவான் பாருங்க"ன்னு ஏத்தி விடுறாங்க. பையன் தரையில நிக்கல. வீட்டுக்காரம்மா "படிப்பு என்னாகும்"னு ஒரே புடியா நிக்குறாங்க.

மைனர்னா எந்த வயசு? சிலர் 18ங்குறாங்க சிலர் 17ங்குறாங்க. ஸ்கோரை 2-11னு போடுறாங்களே அது என்ன கணக்கு? இதுல போனா பையனுக்கு பின்னாடி ஏதாவது எதிர்காலம் இருக்கா, இல்ல ரெண்டு வருஷம் ஆடிட்டு விட்டுடுவானா? தெரிஞ்சவங்க கொஞ்சம் வெளக்குங்க.

கார்க்காரன்:

கார்க்ல இருக்கறவன், அதனால கார்க்காரன். கார் இல்ல, பஸ்சுதான்.

அண்ணா ஸ்கோர் கணக்கு ஈஸி. முத நம்பர் கோல், ரெண்டாவது பாயிண்ட். ஒரு கோல் மூணு பாயிண்ட்டுக்கு சமம், அப்ப 2-11னா ஆறும் பதினொண்ணும் பதினேழு. வலைக்குள்ள போனா வெள்ளை கோட்டு போட்ட அம்பயர் பச்சைக் கொடி ஆட்டுவார், கம்பிக்கு மேல போனா வெள்ளைக் கொடி. 2025ல இருந்து 40 மீட்டர் வளைவுக்கு வெளிய இருந்து மேல அடிச்சா ரெண்டு பாயிண்ட், அதுக்கு ஆரஞ்சுக் கொடி. அடுத்த தடவை கொடியப் பாத்துட்டு கத்துங்க.

வயசு விஷயத்துல ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். கவுண்டி அளவுல ஆல் அயர்லாந்து மைனர் சாம்பியன்ஷிப் 1929ல ஆரம்பிச்சது, 2017 வரைக்கும் அண்டர் 18, 2018ல இருந்து அண்டர் 17. அதே வருஷம்தான் அண்டர் 21ஐயும் அண்டர் 20 ஆக்கினாங்க. முக்கியமான காரணம் லீவிங் செர்ட், அதான் ஸ்கூல் முடிக்கிறப்ப எழுதுற பெரிய பரீட்சை. பதினெட்டு வயசுப் பையன் ஒரு பக்கம் பரீட்சை, ஒரு பக்கம் கிளப்பு, இன்னொரு பக்கம் கவுண்டின்னு நாலா பக்கமும் இழுபட்டு நொந்து போறான்னு பல வருஷமா புகார் இருந்துச்சு. ஜனவரி 1ஆம் தேதி 17 ஆகாம இருக்கணும், அவ்ளோதான் கணக்கு. உங்க வீட்டம்மாகிட்ட இதச் சொல்லுங்க, மைனர் ஆடுற வயசுல பெரும்பாலும் லீவிங் செர்ட் வருஷம் வந்திருக்காது.

எதிர்காலம்னு கேட்டீங்க பாருங்க, அதுக்கு எங்க ஊர் கதையே போதும். 2019ல கார்க் மைனரும் ஜெயிச்சுது அண்டர் 20யும் ஜெயிச்சுது, ரெண்டும் ஒரே வருஷம். ஊரே ஆடுச்சு, இனி பத்து வருஷத்துக்கு நம்ம ராஜ்ஜியம்னு பஸ்ஸுல பாக்குற ஆளெல்லாம் பேசினான். சாம் மகுவைர், அதான் சீனியர் ஆல் அயர்லாந்து கோப்பை, அதை நாங்க கடைசியா தூக்கினது 2010. அப்பவும் அதான் கடைசி, இப்பவும் அதான் கடைசி. உங்க கில்டேரும் அப்படித்தான், 2018லயும் 2023லயும் அண்டர் 20 சாம்பியன், ஆனா 2025ல சீனியர் டீம் ஆடினது ரெண்டாந்தர போட்டியான டெயில்டன் கப்புல. (அதையாவது ஜெயிச்சாங்க, குறை சொல்லக் கூடாது.)

டெரி_நைட்டூட்டி:

மேல சொன்னவர் சொன்னது சரி, ஆனா கொஞ்சம் சோகமா சொல்லிட்டார். நான் டெரி பக்கம் ஆஸ்பத்திரியில வேலை, வார்டுல இதப் பத்திப் பேசாத நாளே கிடையாது. இங்க மைனர்னா திருவிழா மாதிரி. 2020 ஃபைனல் கொரோனாவால தள்ளிப்போயி 2021 ஜூலையில டலமோர்ல நடந்துச்சு, எங்க டெரி பசங்க கெர்ரி கவுண்டியை ஒரே பாயிண்ட்டுல முடிச்சாங்க. அப்புறம் 2023, 2024ன்னு அடுத்தடுத்து ரெண்டு. 2024 ஃபைனலுக்கு நைட் டூட்டி முடிச்சு தூங்காம ஓமாவுக்கு கார்ல போனோம், எதிர்ல ஆர்மா. முன்னெல்லாம் சீனியர் ஃபைனல் அன்னிக்கே அதுக்கு முன்னாடி குரோக் பார்க்லதான் மைனர் ஃபைனல் நடக்கும், எண்பதாயிரம் பேர் உக்கார்ற இடம், பாதி பேர் வந்திருக்க மாட்டான், வந்தவன் பாதி சாப்புட்டுட்டு இருப்பான். இப்ப ஜூலை வாக்குல சின்ன கிரவுண்டுல தனியா வைக்கிறாங்க, ஊர்க்காரன் மட்டும் வந்து நெருக்கியடிச்சு நிக்கிறான், பசங்களோட மூச்சு வாங்குற சத்தம் கூட கேக்குது. குரோக் பார்க்ல ஆடுற வாய்ப்பு பசங்களுக்குப் போச்சேன்னு வருத்தப்படுறவங்களும் உண்டு. என்னைக் கேட்டா இதுதான் சுகம்.

ஆனா 2017ஐ மட்டும் இங்க யார்கிட்டயும் பேசிடாதீங்க. ஃபைனல்ல எதிர்ல கெர்ரி, அதுல கேப்டன் டேவிட் கிளிஃபர்டு. அவன் ஒருத்தன் மட்டும் 4-4. அதாவது பதினாறு. எங்க மொத்த டீமும் அடிச்சது 1-8, பதினொண்ணு. ஒரு பையன் ஒரு கவுண்டியவே தோக்கடிச்சுட்டான். எங்க வார்டுல ஒரு பெரியவர் இன்னமும் அந்த நாலு கோலையும் வரிசையா சொல்லுவார், ஏதோ உறவுக்காரன் சாவைச் சொல்ற மாதிரி.

மேயோ_அம்மா:

நியூபிரிட்ஜ் தம்பி, முதல்ல வாழ்த்துகள். என் பொண்ணு ஆடுறா, அதனால கொஞ்சம் அனுபவத்துல சொல்றேன்.

நீங்க நவம்பர்னு எழுதினதப் படிச்ச உடனே இதச் சொல்லணும்னு தோணுச்சு. ட்ரையலுக்கு வர்ற பசங்க எல்லாம் ஒரே வருஷம் பொறந்தவங்க, ஆனா ஜனவரியில பொறந்தவன் உங்க பையனை விட பத்து மாசம் மூத்தவன். பதிமூணு வயசுல பத்து மாசம்ங்கறது சாதாரணம் இல்ல, ஒருத்தனுக்கு மீசை அரும்பியிருக்கும் இன்னொருத்தனுக்கு குரலே உடைஞ்சிருக்காது. கோச்சுங்க கண்ணுக்கு முதல்ல படறது உயரமா பந்தைத் தாவிப் புடிக்கிறவன்தான். மேல சொன்ன கிளிஃபர்டும் ஜனவரிதான், ஆனா அவன் ஜனவரிங்கறதால மட்டும் 4-4 அடிக்கல, அது வேற ரகம், அதோட ஒப்பிட ஆரம்பிச்சா யாரும் ஆட முடியாது. எங்க பக்கத்து வீட்டுப் பையன் டிசம்பர், அண்டர் 14, 15 ரெண்டுலயும் எடுக்கல, பதினாறுல திடுதிப்புன்னு வளர்ந்தான், இப்ப கிளப் சீனியர்ல மிட்ஃபீல்டு ஆடுறான். அதனால எடுக்கலைன்னா பையனை உடைஞ்சு போக விடாதீங்க.

ட்ரையலுக்கு உடம்பு பெருசாக்க முடியாது, ஆனா ரெண்டு காலையும் பழக்கலாம். பெரும்பாலான பசங்க சோலோ (ஓடிக்கிட்டே பந்தைக் கால்ல எத்தி திரும்ப கைக்கு எடுக்கறது) ஓடறப்ப வலது கால்லயே எத்துவாங்க, எதிராளி அந்தப் பக்கமே வந்து தட்டி விட்டுடுவான். இடது கால்ல ஓட வைங்க. நாலு அடிக்கு மேல சும்மா கையில வச்சுட்டு ஓடக்கூடாது, தரையில தட்டுறது அடுத்தடுத்து ரெண்டு தடவை கூடாது, தரையில கிடக்கற பந்தை நேரா கையால எடுக்கக் கூடாது, கால் விரலால தூக்கிதான் எடுக்கணும். பொண்ணுங்க ஆட்டத்துல மட்டும் கையாலயே எடுக்கலாம், பந்தும் ஒரு சைஸ் சின்னது. பொண்ணுங்களுக்கு 1974ல ஆரம்பிச்ச தனி அமைப்பு இருக்கு, அதுலயும் மைனர் சாம்பியன்ஷிப் உண்டு. பசங்க அமைப்பையும் பொண்ணுங்க அமைப்பையும் 2027க்குள்ள ஒண்ணா சேக்கறதுக்கு முன்னாள் ஜனாதிபதி மேரி மெக்அலீஸ் தலைமையில வேலை நடக்குது. அது நடந்தா நல்லது, இப்ப ஒரே கிரவுண்டுக்கு பசங்களும் பொண்ணுங்களும் அடிச்சுக்கிறாங்க, யார் விட்டுக்குடுக்கறாங்கன்னு நான் சொல்லத் தேவையில்ல.

அப்புறம் எங்க மேயோ கதை. 2013ல மைனர், 2016ல அண்டர் 21, ரெண்டும் ஜெயிச்சோம். சாம் மகுவைர் கடைசியா வந்தது 1951. நான் இதுக்கு மேல ஒண்ணும் பேசல.

ஓரத்துல_நிக்கிறவன்:

எல்லாம் சரிங்க, யாரும் காசைப் பத்தி பேசலியே. எத்தனை ஆடினாலும் இதுல சம்பளம்னு ஒரு பைசா வராது, சீனியர் ஆல் அயர்லாந்து ஜெயிச்சவன் கூட திங்கட்கிழமை வேலைக்குப் போகணும். அமெச்சூர். பெட்ரோல் செலவு குடுப்பாங்க அவ்ளோதான். வாரத்துல மூணு நாள் நாலு நாள் ட்ரெயினிங், மழையில அப்பா அம்மாதான் கார் ஓட்டணும். திறமை இருக்கற பையனை சாக்கர்லயோ ரக்பிலயோ விட்டா ஏதாவது காண்ட்ராக்டாவது கிடைக்கும். நான் தப்பா சொல்லல, நடப்பைச் சொல்றேன்.

கார்க்காரன்:

காசு இல்லங்கறது உண்மைதான், கிளிஃபர்டே ஸ்கூல் வாத்தியார்தான். ஆனா காசுக்கு ஒரு கதவு இருக்கு, அது ஆஸ்திரேலியாவுல. அங்க ஆடுற ரூல்ஸ் ஃபுட்பாலும் கைக்கும் காலுக்கும் நடுவுல ஆடறதுதான், பந்து மட்டும் முட்டை வடிவம். அங்கத்த கிளப்புங்க இங்க மைனர் ஆடுற பசங்களை கழுகு மாதிரி பாத்துட்டு இருக்கும். ஜிம் ஸ்டைன்ஸ்னு டப்ளின் பையன், 1984ல மைனர் ஜெயிச்ச டீம்ல ஆடிட்டு மெல்போர்னுக்குப் போனான், 1991ல அங்க லீக்குலயே பெரிய விருதான பிரவுன்லோ மெடலை வாங்கினான். கெர்ரி டிங்கிள் ஊர் மார்க் ஓ'கானர் 2022ல ஜீலாங் டீமோட அங்கத்த லீக் கோப்பை தூக்கினான். டைக் கென்னலி 2005ல சிட்னியோட ஜெயிச்சு, திரும்பி வந்து 2009ல கெர்ரியோட சாம் மகுவைரும் ஜெயிச்சான், ரெண்டையும் தூக்கின முத ஆள். இங்க ஊர்க்காரனுங்களுக்கு இதுல பயங்கர கடுப்பு, பத்து வருஷம் ஊரு சேந்து வளத்த பையனை ஒரு போன்ல கூட்டிட்டுப் போயிடுறாங்க, கிளப்புக்கு ஒண்ணும் மிஞ்சறதில்ல. கிளிஃபர்டையும் கேட்டாங்க, அவன் போகல.

போய் ஜெயிக்காம வீட்டு ஞாபகம் வந்து திரும்பினவங்களும் நெறைய பேர், அவங்க பேரை யாரும் எழுதறதில்ல. அதனால பதிமூணு வயசுல ஆஸ்திரேலியா டிக்கெட் பாக்காதீங்க ஓரத்துல தலைவா.

டெரி_நைட்டூட்டி:

கெர்ரி 2014ல இருந்து 2018 வரை வரிசையா அஞ்சு மைனர் ஜெயிச்சாங்க, அதுக்கு முன்ன யாரும் செய்யாத காரியம். அந்த அஞ்சு டீம்லயும் ஆடின பசங்களை எல்லாம் சேத்தா ஒரு பஸ்சு பத்தாது. அவங்கள்ல 2022ல சீனியர் ஜெயிச்ச டீம் வரைக்கும் வந்து சேந்தது ஒரு பங்குதான். மிச்சப்பேர் எங்க? அவங்கவங்க ஊர் கிளப்புல ஞாயித்துக்கிழமை ஆடிட்டு இருக்காங்க. காசு காசுங்கறீங்க, எனக்கு இந்த ஊருல வாடகைக்கு வீடு கிடைச்சதே பையனோட கிளப்புல கிரவுண்டுக்கு கோடு போடுற ஆள் மூலமாதான்.

ஓரத்துல_நிக்கிறவன்:

வீடு கிடைச்சுதுன்னா சரி ஒத்துக்கறேன் :) நான் இன்னும் வீடு தேடிட்டுதான் இருக்கேன்.

நியூபிரிட்ஜ்_அப்பா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ட்ரையல் நேத்து முடிஞ்சுது. சொல்லி வச்ச மாதிரி மழை, காத்து வேற ஒரு பக்கமா அடிக்குது, காத்துக்கு எதிர ஆடின முதப் பாதியில ஒருத்தனும் கம்பிக்கு மேல அடிக்க முடியல. மேயோ அக்கா சொன்னது அப்படியே கண்ணு முன்னாடி நடந்துச்சு. என் பையனை மார்க் பண்ணின பையன் என் தோளுக்கு வர்றான், இவன் அவன் நெஞ்சுக்குத்தான் நிக்குறான். மேல தூக்கிப் போட்ட பந்து ஒண்ணு கூட இவனுக்குக் கிடைக்கல. ஆனா தரையில விழுந்த பந்துக்கு ஓடினான், ஒரு தடவை கால் விரல்ல தூக்கி ரெண்டு சோலோ போட்டு, ரெண்டாவது இடது கால்ல, அந்த பெரிய பையன் வலது பக்கம் கை நீட்டினான் பாருங்க, அங்க ஒண்ணுமே இல்ல. கைப்பாஸ் குடுத்தான், வாங்கினவன் பாயிண்ட் அடிச்சான். நான் வெள்ளைக் கொடியப் பாத்துட்டுத்தான் கத்தினேன்.

ஸ்குவாடுல எடுக்கல. அந்த இடது காலை மட்டும் கோச் குறிச்சு வச்சிருக்காராம், அடுத்த வருஷம் அண்டர் 15 ட்ரையலுக்கும் வரச்சொன்னார். கார்ல வர்றப்ப ஒரு வார்த்தை பேசல, வீட்டுக்கு வந்து ராத்திரி ஒம்போது மணிக்கு பின்னாடி சுவத்துல டம்மு டம்முன்னு அடிக்க ஆரம்பிச்சுட்டான், பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பாத்தாங்க, திட்டப் போறாங்கன்னு நினைச்சேன், "இன்னும் கொஞ்சம் மேல அடிடா"ன்னுட்டு உள்ள போயிட்டாங்க.

இன்னொரு சந்தேகம். கம் ஷீல்டு (பல்லுக்கு மாட்டுற கவசம்) இல்லாம ட்ரெயினிங்ல கூட ஆட விட மாட்டேங்குறாங்க, இவன் அதை ஜெர்சி பாக்கெட்ல வச்சு வாஷிங் மெஷின்ல போட்டுட்டான், ஒரு பக்கம் நெளிஞ்சிருக்கு. சுடுதண்ணியில போட்டு திரும்ப கடிச்சா சரியாகுமா, இல்ல புதுசுதான் வாங்கணுமா?

மேயோ_அம்மா:

புதுசு வாங்குங்க தம்பி. ரெண்டா வாங்குங்க.