கதவைச் சாத்தினால் அலுவல் அறையில் குளிர்காற்று குறைகிறது

நாகர்கோவிலிலிருந்து கேள்வி:
எங்கள் வீட்டு மாடிக்கு ஒரே டக்ட் ஏசி பொருத்தியிருக்கிறோம். ஃபால்ஸ் சீலிங் வழியே எல்லா அறைகளுக்கும் குளிர்காற்று வருகிறது. அறைக்காற்றை இயந்திரத்துக்குத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் கிரில் ஹாலில் மட்டுமே உள்ளது. அலுவலகக் கூட்டத்துக்காக என் அறைக் கதவைச் சாத்தியதும் காற்றின் வேகம் குறைந்து, கதவடியில் சீழ்க்கைபோல் ஒலி எழுகிறது. சற்று நேரத்தில் அறை புழுங்குகிறது. பார்க்க வந்த மெக்கானிக் கூடுதல் டன் கொண்ட இயந்திரத்தை வைக்கச் சொல்கிறார். அதற்கு முன் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

தக்கலையிலிருந்து பதில்:
இயந்திரத்தை மாற்ற வேண்டாம், அண்ணாச்சி. உள்ளே வந்த காற்று வெளியேற வழியில்லாததால் அறையில் அழுத்தம் கூடி, அடுத்து வரவேண்டிய காற்றை அதுவே தடுக்கிறது. அதே வேளையில் ஹாலில் ரிட்டர்ன் கிரில் தொடர்ந்து இழுப்பதால், குறைகிற காற்று ஜன்னல் இடுக்குகள் வழியாகவும் அடுக்களை எக்ஸாஸ்ட் துவாரம் வழியாகவும் வெளியிலிருந்து நுழையும். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் நம் ஊரில் அது ஈரக்காற்றாகத்தான் இருக்கும். கதவைச் சாத்திய நிலையில் அதன் அடியில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை ஹால் பக்கமாகச் சீறிப் பாய்ந்தால் காரணம் இதுவே.

பொதுவாக அறைக்கும் ஹாலுக்கும் இடையே அழுத்த வேறுபாடு 3 பாஸ்கலைத் தாண்டக் கூடாது என்பார்கள். 30 அங்குலக் கதவின் அடியில் அரை அங்குல இடைவெளி இருந்தால், அந்த அழுத்தத்தில் நிமிடத்துக்கு 28 கன அடி அளவே வெளியேறும். உங்கள் அறைக்கு 200 கன அடி வருவதாக வைத்துக்கொண்டால் சுமார் 110 சதுர அங்குலத் திறப்பு வேண்டும். கதவை அறுத்து அவ்வளவு இடம் காண முடியாது. நல்ல அயினி மரக் கதவென்றால் அறுக்க மனமும் வராது.

மார்த்தாண்டத்திலிருந்து பதில்:
நிலைக்கு மேலே வெண்டிலேட்டர் இருந்து, அதைக் கண்ணாடி வைத்து அடைத்திருந்தால், கண்ணாடியை எடுத்துவிட்டு கிரில் பொருத்தச் சொல்லுங்கள். ஆசாரிக்கு அது சிறிய வேலை. கிரில்லின் சட்டங்களே பரப்பில் மூன்றிலொரு பங்கை மறைத்துவிடும் என்பதால் 24க்கு 8 அங்குலம் என்ற அளவிலாவது இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
வெண்டிலேட்டர் இருக்கிறது, அடைத்துத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் அதைத் திறந்தால் ஹாலில் ஓடும் டிவி ஒலி கூட்டத்தில் கேட்குமே?

தக்கலையிலிருந்து பதில்:
கேட்கும். அப்படியானால் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, உங்கள் அறைக் கூரையிலிருந்து ஹால் கூரைக்கு, உட்புறம் ஒலியை உறிஞ்சும் பூச்சுள்ள வளையும் டக்ட் ஒன்றை இரண்டு வளைவுகளுடன் கொண்டுசெல்லுங்கள். செலவு கூடும், ஒலி பெருமளவு அடங்கும். டக்ட் குறுகியிருந்தால் மறுபடி அழுத்தம் ஏறும் என்பதால் 12 அங்குல விட்டத்துக்குக் குறைக்க வேண்டாம்.

ஆரல்வாய்மொழியிலிருந்து பதில்:
ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வழிகளால் அறைக்காற்று வீட்டுக்காற்றுடன் கலக்குமே ஒழிய, வெளிக்காற்று வராது. நீண்ட கூட்டங்களில் தலை கனப்பதாக இருந்தால், இடைவேளையில் ஏசியை நிறுத்திவிட்டு எதிரெதிர் ஜன்னல்களைச் சிறிது நேரம் திறந்து வையுங்கள். எங்கள் கணவாய்ப் பக்கம் வீசும் காற்றுக்கு ஒரு ஜன்னலே போதும், மேசைக் காகிதங்களுக்கு மேல் கனமாக எதையாவது வைத்துவிட வேண்டும்.